நல்ல காலில் போட்ட கட்டு

தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கம்பெனி பேர் அச்சடித்த தாள், டைப் அடித்த எழுத்து, கீழே உன் கையெழுத்து மட்டும் பேனாவில். ஆறு வருஷம் கழித்து அப்பனுக்கு எழுதுகிறவனுக்கு ஒரு வெள்ளைத்தாள் கிடைக்கவில்லையா என்றுதான் முதலில் கோபம் வந்தது. உங்கம்மா தாளைப் பிடுங்கி வாசித்துவிட்டு, "புள்ள எழுதியிருக்கானேன்னு இல்லாம தாளைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்களே, உங்களுக்கு எப்பத்தான் புத்தி வரும்?" என்று என்னைக் காய்ச்சி எடுத்தாள். அதன்பிறகு நான்கு முறை வாசித்தேன். சென்னையில் உங்கள் கம்பெனி புதிதாகக் கபடி அணி ஆரம்பிக்கிறது, வேறு வேலை எதுவும் இல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்டம் ஒன்றையே தொழிலாகச் செய்யப் போகிற அணி, அதற்கு நீதான் மேனேஜர். அது வரைக்கும் சந்தோஷம். கீழே மூன்று விஷயம் கேட்டிருக்கிறாய். ஜெயிக்கிற டீமுக்கு எது எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் எழுதி அனுப்ப வேண்டும். பாடாலூரில் இருக்கும் கதிரேசனைப் பிடி சொல்லித்தரும் கோச்சாக வரச் சம்மதிக்க வைக்க வேண்டும். மூன்றாவது, நான் போன மாதம் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனதை அம்மா மூலம் கேள்விப்பட்டாயாம், ஆலோசகர் என்ற பேரில் ஆட்டத்துக்கு ஆட்டம் உங்கள் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும்.

எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த பெஞ்சுக்காகத்தான் நான் பாதி வாழ்க்கையை மண்ணில் கொட்டினேன். உங்கம்மாவுக்கு ஒரு நல்ல நாள் பெரிய நாள் என்று துணைக்கு நின்றதில்லை, லீவு போட்டால் அது மேட்சுக்குத்தான். பேன்ட் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை தொங்க, சம்பளம் வாங்கும் ஏழு பேரைக் களத்தில் இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் தீராத ஆசை. கடிதத்தை வாசித்த அன்று சாயங்காலமே எந்தச் சட்டை போடலாம் என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். உங்கம்மா பார்த்துச் சிரித்தாள். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. ஆறு வருஷமாகத் தொண்டையில் நிற்கிற ஒன்றைத் துப்பாமல் உனக்கு நான் ஆலோசனை சொல்வது எப்படி? நீ எனக்குத் துரோகம் செய்தாய் தம்பி. எனக்கு மட்டுமா, உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும் செய்தாய். அதை ஒருநாளும் உன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். சொன்னதோடு முடியவில்லை, அதனால் கடிதம் நீளும். மீட்டிங் இருந்தால் முடித்துவிட்டு வந்து வாசி.

தொண்ணூற்றைந்தில் நான் டீம் ஆரம்பித்தபோது நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். கல்லங்குறிச்சி ரோட்டோரம் கிடந்த பொட்டலை நாம்தான் கொத்தினோம், ஞாபகம் இருக்கும். நம் ஊர் மண்ணில் கொத்துக்குக் கொத்து கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் வரும், முட்டி கிழிந்துவிடும் என்று மணல் சலிக்கிற சல்லடையில் மண் முழுவதையும் சலித்தோம். "கோயில் கட்டப் போறீங்களா?" என்று போகிற வருகிறவர்கள் கேலி பண்ணினார்கள். ஆள் பிடிக்க நான் எங்கேயும் அலையவில்லை. என் பஸ்தான் எனக்கு மைதானம். ஓடுகிற வண்டியில் எவன் எந்தக் காலை முதலில் வைத்து ஏறுகிறான், பிரேக் அடித்தால் எவன் கம்பியைப் பிடிக்காமலே நிற்கிறான், இதெல்லாம் டிக்கெட் கிழித்துக்கொண்டே பார்ப்பேன். கதிரேசன் அப்படித்தான் கிடைத்தான். விக்கிரமங்கலம் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் படியில் கால் தவறி விழப் போனார். படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கறுத்த பையன், தலையைக்கூடத் திருப்பாமல் ஒரு கையால் அவர் இடுப்பை வளைத்து உள்ளே போட்டான். "தம்பி, கபடி ஆடுவியா?" என்றேன். "டிக்கெட் எடுத்துட்டேங்க" என்றான் பயந்துபோய். வண்டியே சிரித்தது. டீம் கட்டுகிறவனுக்கு முதல் வேலை கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது. சர்டிபிகேட்டைப் பார்த்து ஆள் எடுக்காதே, ஒருவன் யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறான் என்று பார்த்து எடு. இந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டு பேரையும் இடது ஓரத்தில் சேர்த்து நிறுத்தியதும் நான்தான். கார்னரில் அவன், அவனுக்கு அடுத்து நீ, உன் இடது கையில் அவன் வலது கை. எதிராளி பாடி உள்ளே வரும்போது உங்களுக்குள் பேச்சு கிடையாது. அவன் ஒருதடவை அழுத்தினால் பொறு, இரண்டு தடவை அழுத்தினால் கணுக்காலுக்குப் போகிறேன் நீ மறித்துக்கொள் என்று அர்த்தம். இதை நான் சொல்லித் தரவில்லை, நீங்களாகவே வைத்துக்கொண்டீர்கள். பெரம்பலூரில் ஒரு போட்டியில் எதிர் டீம்காரர், "உங்க பயலுவ ரெண்டு பேருக்கும் ஒரே நரம்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையில்தான் நான் கெட்டேன். கட்டுப்பாடு என்ற பேரில் என்னென்ன செய்தேன் என்று உனக்கே தெரியும். நம் மாரிமுத்து ஒருநாள் காய்ச்சலோடு வந்து, "இன்னைக்கு என்னால முடியலங்க மாமா" என்று கை தூக்கினான். "போய் ஆத்தா மடியில படுத்துக்கடா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அந்த சீசன் முழுவதும் அவனை நான் களத்தில் இறக்கவில்லை. அதன்பிறகு நம் டீமில் ஒருவனுக்கும் காய்ச்சல் வரவில்லை. நானும் பயலுவளை இரும்பு மாதிரி ஆக்கிவிட்டேன் என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டாயிரத்தொன்று தை மாதம் பாடாலூர் ஆட்டத்தில் கதிரேசனுக்கு இடது முட்டி திரும்பியது. கட்டுப் போடுகிறவரிடம் நாம் மூன்று பேர்தான் போனோம். "மூணு மாசம் மண்ணுல கால் வைக்கப்படாது. வச்சா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார். தையிலிருந்து சித்திரை வரைக்கும்தான் நம் பக்கத்தில் ஆட்டமே, அந்த மூன்று மாதம் போனால் வருஷமே போச்சு. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அந்த யோசனையைச் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது, அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கட்டு வெளியே தெரிந்தால் எதிராளி அந்தக் காலையே அடிப்பான், அதனால் நல்ல காலில் கட்டைப் போடு, கெட்ட காலை வெறுமனே விடு. அவனவன் வலது முட்டிக்குக் குறி வைத்து ஏமாறட்டும். கதிரேசன், "சரிங்க மாமா" என்றான். வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மருந்துக் கடையில் துணிக்கட்டு வாங்கிக் கொடுத்தது நான், அவன் வலது முட்டியில் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டியது நீ. யாருக்கும் தெரியக் கூடாது, வூட்டுலகூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவனும் சொல்லவில்லை. ஒருநாள் விக்கிரமங்கலத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா வேலிப்பருத்தி இலையை வதக்கி எண்ணெயோடு குழைத்து அவன் வலது முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கால்தான் வலிக்கிற கால் என்று அந்த அம்மா நினைத்தது. அவன் நல்ல காலை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "சுளுக்குன்னு சொல்றான், இன்னும் வுடலீங்களே" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டது. "ஆடுற புள்ளைக்கு இதெல்லாம் சகஜம்ங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

தந்திரம் பலித்தது, அதுதான் கேடு. மாசி முழுக்க ஜெயித்தோம். எல்லா டீமும் அவன் வலது பக்கமாகவே வந்து மாட்டிக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் டீமுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்காரர் மோட்டார் சைக்கிளில் நம் வீட்டுக்கு வந்தார். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். "உங்க இடது ஓரத்த அப்படியே எங்களுக்குக் குடுத்துருங்க சார். ரெண்டு பேருக்கும் வேலை போட்டுத் தரோம்" என்றார். அவர் டீமுக்கு விளையாட வேண்டும், மற்ற நாளில் ஆபீசில் ஒரு நாற்காலி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் பையன் மேல படிக்கப் போறான். கதிரேசனுக்கு வெளியூர் ஒத்துக்காது." இரண்டுமே பொய். உன்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்கவில்லை. அவரை வாசல் வரைக்கும் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து இட்லி சாப்பிட்டேன். சித்திரையில் அரியலூர் ஃபைனல் இருந்தது, அதுவரைக்கும் உங்களை விடக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் இல்லை.

பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரையே நீ பார்த்துவிட்டாய். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "எங்களுக்கு வந்த வேலைய வேணாம்னு சொல்ல நீங்க யாருப்பா?" நான் யாரா? இந்த டீமே நான்தான்டா என்றேன். கை ஓங்கினேன் என்று உங்கம்மா சொல்கிறாள், எனக்கு அது ஞாபகமில்லை, ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் உன் பெட்டி இல்லை. அப்பனிடம் சொல்லாமல் போனாய், சரி, என் வாய் அப்படி. கதிரேசனிடம் சொல்லாமல் ஏன் போனாய்? வேலையில் சேருமுன் டாக்டர் பரிசோதனை உண்டு, அவன் முட்டி தேறாது, அவனை இழுத்துக்கொண்டு போனால் உன் வேலையும் சேர்ந்து போய்விடும் என்று பயந்தாய் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திருத்து. அவன் அன்று சாயங்காலம் பயிற்சிக்கு வந்து, இடது ஓரத்தில் போய் நின்று, வலது கையை நீட்டிக்கொண்டு உன்னைத் தேடினான். "தம்பி எங்கீங்க மாமா?" என்றான். நான் அவனிடம் வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. "ஓடிட்டான். காசுக்கு வெல போயிட்டான்" என்றேன்.

ஃபைனலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. நல்ல வெயில், ஊரே மைதானத்தில். எதிர் டீம் அந்தக் கம்பெனியுடையது, அதில் புது பனியன் போட்டுக்கொண்டு நீ. உன்னை அவர்கள் பாடிப் போகிறவனாக மாற்றியிருந்தார்கள். முதல் பாட்டிலேயே கபடி கபடி என்று நேராக எங்கள் இடது ஓரத்துக்கு வந்தாய். மற்ற டீமெல்லாம் கட்டுப் போட்ட காலுக்கு அடித்தது. உனக்குத்தான் எந்தக் கால் என்று தெரியுமே, கட்டியவனே நீதானே. அவன் உன் கணுக்காலைப் பிடித்தான். பிடிபட்ட எவனும் நடுக்கோட்டைப் பார்த்துத்தான் இழுப்பான். நீ இழுக்கவில்லை. உள்பக்கமாகத் திரும்பி உன் மொத்தப் பாரத்தையும் அவன் இடது முட்டியில் இறக்கினாய். இரண்டாவது பாட்டிலும் அப்படியே. மூன்றாவதில் எனக்குப் பெஞ்சு வரைக்கும் சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது மாதிரி ஒரு சத்தம். நீ கோட்டைத் தொட்டுவிட்டு எழுந்து நின்றாய். உங்கள் ஆட்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நீ சிரித்தாயா இல்லையா என்று பார்க்க எனக்கு இஷ்டமில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். பாவி, நம்ம பிள்ளையைக் கொன்றுவிட்டானே என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ என் பிள்ளை என்பதே அந்த நேரத்தில் எனக்கு நினைப்பு இல்லை.

அதன்பிறகு கதிரேசன் ஆடவில்லை. நம் டீமும் ஒரு வருஷத்துக்குள் கலைந்தது. அரியலூரை மாவட்டம் ஆக்கினார்கள், மறுவருஷமே பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது மறுபடி மாவட்டம் என்கிறார்கள், ஊருக்கே அப்படி நடக்கும்போது ஒரு கபடி டீம் எந்த மூலைக்கு. உன் கல்யாணத்துக்கு நான் வராததற்கும் அந்த ஃபைனல்தான் காரணம். எனக்குக் காய்ச்சல் என்று உன் மாமனார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது பொய். கதிரேசன் பாடாலூரில் பொண்ணு எடுத்து, அங்கேயே ஹைவேயில் பஞ்சர் கடை போட்டுவிட்டான். நடுவில் மூன்று முறை போய்ப் பார்த்தேன். நீ வேண்டுமென்றேதான் அவன் முட்டியை உடைத்தாய் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. விபத்து என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும், சிநேகிதனாவது மிஞ்சட்டும் என்று எனக்குள்ளேயே பூட்டி வைத்தேன். உன் மானத்தை நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்திலேயே ஆறு வருஷம் நிம்மதியாகக் கோபமாக இருந்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பாடாலூர் போனேன். ஒரு லாரி டயரைக் கழற்றிப் போட்டிருந்தான். இடது காலை மடக்க முடியாது, பலகை மேல் உட்கார்ந்து காலை நேராக நீட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறான். கடைக்குப் பின்னால் கொத்திப் போட்ட மண். சாயங்காலம் ஊர்ப் பையன்களுக்குப் பிடி சொல்லித் தருகிறானாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முகம் மலர்ந்தது. அப்போது நான் ஒன்று நினைத்தேன், விஷயம் தெரியாமல் இவன் உன்னிடம் வேலைக்கு வரக் கூடாது. "கதிரேசா, நீ போறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். அன்னைக்கு அவன் தெரிஞ்சேதான் உன் முட்டியில வுழுந்தான்" என்றேன். அவன் டயரை விட்டு நிமிரவே இல்லை.

"மொத பாட்டுலயே தெரியுங்க."

"தெரிஞ்சுமா ஆறு வருசமா சும்மா இருக்க?"

"எதுக்க நிக்கிறவன் எங்க வலிக்கும்னு பாத்துத்தான் வருவான். நான் மட்டும் என்ன, அவனுக்கு இடுப்புப் புடிப்பு உண்டுன்னு தெரிஞ்சு மொதல்ல இடுப்பத்தான் புடிக்கப் பாத்தேன். கோவம் இருந்துச்சுங்க, இல்லாம என்ன. ஆனா ஆசுபத்திரிக்கு வந்துட்டானே. காலைப் புடிச்சுக்கிட்டு ஒரு பகல் பூரா அழுதான். உங்க வூட்டுல அம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் போனானாம்."

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய், அது அவனுக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் ஒரு டீம் நடந்திருக்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எல்லாரும் சேர்ந்து என்னைய முட்டாளாக்கியிருக்கீங்க" என்று கத்தினேன். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவன் எதிராளிங்க. எதிராளி அடிச்சா அது ஆட்டம். நான் ஒவ்வொரு தடவ வுழுந்து எந்திரிச்சப்பவும் உங்களத்தான் பாத்தேன். வந்து உக்காருடான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு. பெஞ்சுல மூணு பேர் சும்மா இருந்தானுவ. ரெண்டாவது பாட்டு முடிஞ்சு பாத்தேன், வுடாத வுடாதன்னு கைய ஆட்டுனீங்க."

"நீயே கை தூக்கியிருக்கலாமேப்பா" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தூக்குனா? மாரிமுத்து தூக்குனானே" என்றான்.

போகட்டும் என்று கிளம்பியிருக்கலாம். பாரத்தை இறக்க வந்தவன் பாதியை வைத்துக்கொண்டு போவதில்லை என்று, அந்த கம்பெனிக்காரர் நம் வீட்டுக்கு வந்த கதையையும் சொன்னேன். உனக்கும் அவனுக்கும் வேலை வந்தது, அவன் பேரால் நான் வேண்டாம் என்றது, எல்லாம். இது அவனுக்குத் தெரியாது தம்பி. ஒரு பகல் பூரா அழுதும் நீ இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் பழியில் பாதி என் தலைக்கு வந்திருக்கும். ஆறு வருஷமாக உன்னைக் காட்டிக்கொடுத்தவன் காட்டிக்கொடுத்தவன் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். அவனிடம் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை எழுதும்போது கண் மறைக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கதிரேசன் கையிலிருந்த இரும்பைக் கீழே வைத்தான். "அப்ப முட்டி இப்படி இல்லீங்களே. மூணு மாசம் உக்காந்துட்டுப் போயிருந்தா டாக்டரே எடுத்திருப்பாரு" என்றான். அப்புறம், "எங்கம்மா அப்ப உசுரோட இருந்துச்சு. புள்ளைக்கு ஆபீசுல வேலைன்னு கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் தண்ணீர்ப் பானையைக் காட்டி, "குடிச்சிட்டுக் கெளம்புங்க, பெரம்பலூர் வண்டி வந்துரும்" என்றான். அன்று முழுக்க அவன் என்னை ஒருமுறைகூட மாமா என்று கூப்பிடவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஜெயிக்கிற டீமுக்கு எது முக்கியம் என்று கேட்டாயே. ஆள் பிடிக்கக் கண் வேண்டும், நல்ல மண் வேண்டும், கறியும் முட்டையும் வேண்டும், கைகோத்து நிற்கிற இரண்டு பேருக்குள் பேச்சில்லாத பாஷை வேண்டும். இதெல்லாம் எனக்கு இருந்தது, நான் ஜெயிக்கவும் செய்தேன். ஒருவன் "இன்னைக்கு என்னால முடியல" என்று சொன்னால் அவனுடைய இடம் அவனுக்கு அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது மட்டும் என் டீமில் இல்லை. அது இல்லாததால் என் பிள்ளைகள் எல்லோரும் வலியை என்னிடம் மறைத்தார்கள், கதிரேசன் பெற்ற தாயிடம் மறைத்தான், நீ அழுததை மறைத்தாய், உங்கம்மா உன்னையே மறைத்தாள். நீ எனக்குச் செய்தது துரோகம்தான், அதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அதை நீ எங்கே கற்றாய் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கதிரேசன் வருகிறான். நான் ஏறி உட்கார்ந்த பஸ் கிளம்புமுன் ஜன்னல் பக்கம் நொண்டிக்கொண்டே வந்து சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "வரேன்னு சொல்லுங்க. முடியலன்னு எவன் கை தூக்குனாலும் அவன உக்கார வைக்கிறது என் இஷ்டமா இருக்கணும். கம்பெனியும் ஏன்னு கேக்கக் கூடாது, உங்க பையனும் கேக்கக் கூடாது. அப்புறம், நீங்க அந்த பெஞ்சுப் பக்கம் வரக் கூடாதுங்க. நீங்க உக்காந்திருந்தா பயலுவ கை தூக்க மாட்டானுவ."

வண்டி கிளம்பிவிட்டது. நான் சரி என்று தலையாட்டினேன், அவன் பார்த்தானா தெரியவில்லை. அவன் கேட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனுக்கு அனுப்பு, இந்த முறை கம்பெனித் தாளிலேயே இருக்கட்டும். பெஞ்சில் எனக்கு இடம் போட வேண்டாம்.

உன் அப்பா